மாவுக்குப் பிறகு

கஜலட்சுமியின் கிரைண்டர் நிற்கும்வரை
என் கார் பட்டினி.

எர்ணாவூர் குடியிருப்பு, எஃப் பிளாக்.
அவளுக்குத் தரைத்தளம், எனக்கு மூன்றாம் மாடி.
இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் கட்டை போகும்,
கட்டை போனால் படிக்கட்டு இருட்டு,
படிக்கட்டு இருண்டால் செயலாளர் டில்லிபாபு
டார்ச்சும் பனியனுமாக இறங்கி வருவார்.

முதல் மாதம் மேலேயிருந்துதான் விட்டேன் ஒயரை.
பால்கனிக் கம்பி, சுகந்தி வீட்டு ஜன்னல் ஷேடு,
யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடை
எல்லாம் தாண்டி அது கீழே வந்து சேர்வதற்குள்
கை வைக்க முடியாத சூடு.
இருபத்தோராம் நாள் பிளக் உருகிற்று.
பிளாக் முழுக்கக் கருகிய நாற்றம்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
மணலிக் காற்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

போனில் விரியும் வரைபடத்தில்
கூவத்துக்குத் தெற்கே பச்சைப் புள்ளிகள்
வேப்பம்பூ உதிர்ந்தாற்போல.
எங்கள் பக்கம் மூன்று.
ஒன்று ஷோரூம் கேட்டுக்கு உள்ளே, எட்டு மணிக்குப் பூட்டு.
ஒன்று பங்க் ஓரம்:
திரைக்குள் ஒரு பல்லி,
பல்லிக்குக் கீழே ‘விரைவில்’.
மூன்றாவதைத் தேடி மாதவரம் போனேன்,
பதினேழு சதம் பதினொன்றாகி
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்
ஏசியை அணைத்து, பாட்டை அணைத்து,
மூச்சையும் கொஞ்சம் குறைத்து ஓட்டி.
இருந்தது.
விளக்கெல்லாம் எரிந்தது.
என் வண்டிக்குப் பொருந்தாத வாய்.

விற்றவன் சொன்னது இருநூற்றைம்பது கிலோமீட்டர்.
என் காலுக்கு நூற்றெழுபது.
தவணைத் தேதி ஏழு. அது மட்டும் குறைவதே இல்லை.

கரண்ட்டைச் செய்வது எங்கள் ஊரில்தான்.
மொட்டை மாடி ஏறினால் புகைபோக்கி தெரியும்.
தலைக்கு மேலே உயரக் கம்பிகள்
மழை நாளில் ர்ர்ரென்று முனகிக்கொண்டு
யார் வீட்டுக்கோ அவசரமாகப் போகும்.
காரின் முதுகில் எழுதியிருக்கிறது: புகையில்லாப் பயணம்.
விடிந்ததும் அந்த எழுத்தின் மேல் படிந்த சாம்பலைத் துடைப்பேன்.
துடைத்த துணியை ஒரு நாள் கஜலட்சுமியிடம் காட்டினேன்.
பார்த்துவிட்டுச் சொன்னாள்:
“உன் வண்டி ராத்திரி துன்னுட்டுப் போட்ட எச்சி.”

அவள்தான் லைன் கொடுத்தாள்.
மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய மீட்டர்,
தனி ஒயர், தனிக் கட்டை,
கதவுக்குப் பின்னால் சாக்பீஸ் கணக்கு.
யூனிட் பத்து என்றாள் அவள். ஒன்பது என்றேன் நான்.
ஒன்பதும்,
விடியற்காலை ஐந்துக்குப் பதினெட்டு வாளி மாவை
தண்டையார்பேட்டைக் கடைகளில் இறக்குவதும் என்று முடிந்தது.
வாளிகள் ஏறினால் டிக்கி தாழும்,
கணக்கில் ஆறேழு கிலோமீட்டர் காணாமல் போகும்.
அதை நான் சாக்பீஸில் எழுதுவதில்லை.

அடையாறில் ஏறியவர் மூக்கைச் சுளித்தார்.
“என்னம்மா, புளிச்ச வாசம்?”
பாட்டரி என்று சொல்லி வைத்தேன்.
நம்பினார். பாலம் தாண்டியதும் கேட்டார்,
“இது ஃபுல்லாக எவ்வளவு நேரமாகும்?”
அரிசியைப் பொறுத்து சார் என்றேன்.
கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு
மீதிப் பயணம் முழுக்கப் போனையே பார்த்தார்.
நட்சத்திரம் நான்குதான் போட்டார்.

வழக்கமாகப் பதினொன்றுக்குக் கல் நிற்கும்.
ஒரு நொடி பிளாக் முழுக்கக் காது அடைத்தாற்போல் இருக்கும்.
“ஏய் பியூலா, சொருகிக்கோ” என்று குரல் ஏறி வரும்.
நான் இறங்கிச் சொருகுவேன்.
பச்சை விளக்கு சிமிட்டும். அவ்வளவுதான் எங்கள் ஸ்டேஷன்.

இன்றைக்குத் திருவொற்றியூரில் கல்யாணமாம்.
அறுபது கிலோ.
மணி ஒன்று. வண்டியில் இருபத்திநாலு சதம்.
முதல் சவாரி நாலரைக்கு, விமான நிலையம்.

கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து
உளுந்து தள்ளிக்கொண்டிருக்கிறேன்.